ஜன்னலுக்குக் கீழே டாஃப்னே

கத்தரிக்கோலை விரித்துப் பிடித்தபடி லிபுஷே மண்டியிட்டாள். கறுப்புக் காலுறையைத் தாண்டிச் சரளைக்கல் குத்தியது. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, நெட்டுக்குத்தலாகச் செருகிய சுண்ணாம்புப் பாறைத் தகடுகளின் இடுக்கில், டாஃப்னே செடி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படர்ந்திருந்தது. இலையே தெரியாமல் மேலெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. அத்தனையையும் ஒட்ட வெட்டிக் கணவனின் சவப்பெட்டிக்குள் வைத்துவிடுவது என்று காலையில் எழுந்ததுமே முடிவு செய்திருந்தாள். மதியம் தகனம். எரிந்துபோனால் அப்புறம் யாரும் வந்து கேட்க முடியாது.

"அம்மா, முட்டை வெந்திருக்குமா?" ஜன்னலில் மகள் யித்காவின் தலை தெரிந்தது. துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்."

"அதையா வெட்டப் போற? அப்பா ஒரு பூவக்கூடக் கிள்ள விடமாட்டாரே."

"இப்ப யாரு தடுக்கப் போறா?"

யித்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவள் கணவர் ஓட்டாகர் ட்ராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மீதி வாழ்க்கையெல்லாம் கல்லும் செடியும்தான். மருத்துவமனையில் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது அவர் கை லிபுஷேயின் கைக்குள் இருந்தது. "டாஃப்னே விரிஞ்சிடுச்சா?" என்றார். விரிந்துவிட்டது என்றாள். "அப்ப பொஷேனாவக் கூப்பிட்டுக் காட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு பேசவில்லை. தான் தவறாகக் கேட்டோமோ என்று லிபுஷே பலமுறை யோசித்துப் பார்த்தாள். இல்லை, சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். பொஷேனாவுக்குச் சாவுச் செய்தியைச் சொல்ல மகளை விட்டாள். பூ விரிந்ததைச் சொல்லவில்லை.

பொஷேனா, கல் இடுக்குகளில் மலைச்செடி வளர்ப்பவர்களின் பாறைத்தோட்டச் சங்கத்துக்காரி. அவளும் ஓட்டாகரும் வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஒரு செடி கையைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் ஒரு துண்டை இன்னொருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தாரின் வழக்கம். டாஃப்னேயின் முதல் துண்டு பொஷேனாவுக்குத்தான் போனது. லிபுஷேயின் பிறந்தநாளுக்கோ கடையில் வாங்கிய டூலிப்.

போதாததற்கு, டாஃப்னேயில் தொடங்கி நல்ல செடிகளையெல்லாம் அவள் ஜன்னலுக்குக் கீழேயே கொண்டுவந்து வைத்தார். பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் பட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செய்தித்தாள் வாங்கப் போயிருந்த நேரத்தில், முட்டை வேகவைத்த தண்ணீரை ஜன்னல் வழியாக டாஃப்னேயின் தலையில் கொட்டினாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கொட்டினாள். சூடாகக் கொட்ட மட்டும் மனம் வரவில்லை. ஆறவைத்துத்தான் கொட்டினாள். அது இரக்கமா, பயமா என்று அவளுக்கே தெரியாது. செடியும் சாகவில்லை. வருடா வருடம் இன்னும் அதிகமாகத்தான் பூத்தது.

வாசல் கதவு கிறீச்சிட்டது. பொஷேனா கறுப்புத் தொப்பியுடன் வந்துகொண்டிருந்தாள். அவள் கைப்பையிலிருந்து மண் தோண்டும் சின்னக் கரண்டியின் பிடி எட்டிப் பார்த்தது.

"சாவு வீட்டுக்குக் கரண்டியோடவா வருவீங்க?" என்றாள் லிபுஷே, எழுந்திருக்காமலே.

"அது எப்பவும் பையிலயே கிடக்கும். 'நீ செத்தா இதையும் சேத்துதான் எரிக்கணும்'னு ஓட்டாகர் சொல்லுவான்." பொஷேனா சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் டாஃப்னே கண்ணில் பட்டது. தொப்பியைக் கழற்றினாள். நல்ல கறுப்புப் பாவாடை அழுக்காவதைப் பற்றி நினைக்காமல் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அடிப்பாவி, இப்படியா பூக்கும்?" என்று செடியைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்ககிட்ட இருக்கறதும் இதே செடிதானே. உங்களுக்குத்தானே முதல்ல குடுத்தார்."

"குடுத்தான். ஒரு தடவகூட மொட்டு வைக்கல. இங்க பூத்தா மட்டும் உடனே கூப்பிட்டுக் காட்டுவான், என் வயித்தெரிச்சலக் கிளப்பறதுக்குன்னே. இந்த வருஷம் கூப்பிடல. ஆஸ்பத்திரில இருந்தா எப்படிக் கூப்பிடுவான், பாவம்."

லிபுஷே கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா உரம் போடறேன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். எல்லாத்தையும் சொல்றவன் இதுக்கு மட்டும் வாயத் திறக்க மாட்டான். ஜன்னலுக்குக் கீழ வைக்கணும்பான். எந்த ஜன்னல்னா, எங்க வீட்டு ஜன்னல்பான். இந்த நீல ஜென்ஷியன், அந்தப் ப்ரிமுலா எல்லாம் முன்ன வேலியோரத்துலதானே இருந்துச்சு? இது இப்படிப் பூக்க ஆரம்பிச்சப்புறம் ஒவ்வொண்ணாத் தோண்டி இங்க கொண்டுவந்தான்."

"எனக்கு இடைஞ்சலா இருக்கட்டும்னு."

"ஞாயித்துக்கிழமை காலைல மலைக்குக் கூப்பிட்டா வரவே மாட்டான், தெரியுமா?"

"பேப்பர் வாங்கப் போவார்."

"பேப்பரா? அந்தக் கொட்டகைக்குள்ளதான் உக்காந்திருப்பான். நான் போன் பண்ணினா, 'இரு, அப்புறம் பேசு, இப்ப ஜன்னல் திறக்கும்'னு வெச்சிடுவான். என்னடா ஜன்னல்னு நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்."

லிபுஷே திரும்பிப் பார்த்தாள். புல்தரைக்கு அந்தப் பக்கம், வெள்ளை ட்ரில்லியம் பூத்துக் கிடந்த ஹேசல் மரத்தடியில், பூந்தொட்டிகள் வைக்கும் கொட்டகையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு நாற்காலியின் கால் தெரிந்தது. அது சமையலறை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது.

"அம்மா, முட்டைய எடுத்துட்டேன்!" யித்கா உள்ளிருந்து கத்தினாள். "தண்ணிய ஊத்திடவா?"

"ஊத்தாத!" குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. பொஷேனா திடுக்கிட்டுப் பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும். ஆறட்டும்."

கத்தரிக்கோல் இரண்டு முறைதான் அசைந்தது. நிறையப் பூவுள்ள ஒரு கொத்தைப் பெட்டிக்கென்று மடியில் வைத்துக்கொண்டாள். பூவில்லாத ஓர் இளங்கிளையைப் பொஷேனாவிடம் நீட்டினாள்.

பொஷேனா அதை ஈரக் கைக்குட்டையில் சுற்றினாள். "ரொம்ப நன்றி, லிபுஷே. மண்ணு என்ன கலவைன்னு மட்டும் சொல்லிட்டா…"

"எனக்கென்ன தெரியும்? தோட்டம் அவரோடது."

கார் வந்ததும் எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். கையுறையை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு லிபுஷே மட்டும் சமையலறைக்குத் திரும்பினாள். முட்டைத் தண்ணீர் இருந்த பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. வெளியே ஹாரன் அடித்தார்கள். ஜன்னலோரம் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். ஹாரன் மறுபடி ஒலித்தது. விரல் வைத்துப் பார்த்துவிட்டு, நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். கொட்டகையைப் பார்த்தபடி மெதுவாக ஊற்றினாள்.