கனகாம்பரக் கோபுரம்

"எட்டாது. நான் சொல்றேன், எட்டவே எட்டாது."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?"

"போன வருசமும் இதேதான் சொன்னேன். எட்டுச்சா?"

"இப்ப கை நீண்டிருக்குது," என்றாள் சூசைமேரி. "எட்டிட்டா சைக்கிள் மணிய யாரு அடிப்பாங்கற கவலை உனக்கு. பொண்ணு மேல பழி போடாதே."

அவள் தம்பி இன்னாசிமுத்து, பாகலூரிலிருந்து ஓசூருக்குச் சைக்கிளில் பால் கொண்டுபோகிறவன். பின்னால் இரண்டு கேன். முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு அக்கா மகள் மேரிராணி. மணி அடிப்பது, எதிரே வரும் எருமையை மூன்று பாஷையில் விரட்டுவது, மாமனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் கம்பி காலி. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்றன. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. ஞானஸ்நானச் சீட்டையே நீட்டினாலும் திம்மராயன் வாத்தியாருக்குக் காதுதான் சாட்சி.

மேரிராணியின் கை மேலே போனது. காதுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது.

"தலையச் சாய்க்காதே கண்ணு," என்றார் வாத்தியார். விரல்கள் காற்றைத் துழாவின. உதடு பிதுங்கியது. "அடுத்த வருசம் கூட்டிட்டு வாம்மா."

"நான்தான் சொன்னேனில்ல..." என்று ஆரம்பித்த இன்னாசிமுத்துவின் கண்ணில் அந்தக் கொண்டை பட்டது. முதல் நாளாயிற்றே என்று அக்கா விடியற்காலையில் எழுந்து, கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதுபோல, உச்சந்தலையில் சவுரி வைத்துச் சுருட்டி, கனகாம்பரம் சுற்றிக் கோபுரமே எழுப்பியிருந்தாள். பிஞ்சுக் கை அதன்மேல் ஏறியல்லவா இறங்கவேண்டும்.

பேசாமல் இருந்தால் இன்னும் ஒரு வருடம் மணி அடிக்க ஆள் உண்டு.

"சார், இருங்க. கை குட்டையில்ல. எங்கக்கா கட்டின கோபுரந்தான் உசரம்."

"அடப்பாவி, எந்நேரத்துக்கு எழுந்து கட்டினேன் தெரியுமா," என்று சூசைமேரி பதற, அவன் மண்டியிட்டுப் பூவை உருவினான். ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டான். சவுரியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். வரிசையில் நின்ற அம்மாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கை மறுபடி மேலே போனது. தலையைத் தடவி இறங்கிக் காதைப் பிடித்தது. விட்டால் திரும்பவும் தொடச் சொல்வார்களோ என்று அழுத்திப் பிடித்தது.

"சரி, உள்ள போய் உக்காரு."

இந்தக் கைக்கு மணி எட்டவில்லை என்றுதான் அவன் அதைக் கழற்றி ஹேண்டில்பாரின் நடுவில் மாட்டி வைத்திருந்தான். எல்லாம் நேற்றுப்போல இருந்தது.

"என்னடா, அழறியா?"

"ஊசி குத்திடுச்சு."

மேரிராணி காதைப் பிடித்தபடியே வகுப்பை நோக்கி நடந்தாள். இன்னாசிமுத்து, தோளில் சவுரி ஆட, வாத்தியாரின் மேசையருகே குனிந்தான்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை தொடச் சொல்றீங்களா? நான் சரியாப் பாக்கல."