காலியாகத் திரும்பிய டப்பா

1

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் எப்படி இருக்கிறது, முதுகு எப்படி இருக்கிறது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி ஏழு. பேத்தி எடுத்தவளுக்கு இது பாஸ் மார்க் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. பாதி கேட்டது, பாதி கட்டியது. கேட்ட இடம், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இருக்கும் ஒரு லேப். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டு, அடுத்த ரத்தத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். எனக்குச் சும்மா உட்கார வராது. பக்கத்து நாற்காலியில் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு ஒரு பெண். அவளுக்கு தீபலட்சுமி என்று பெயர் வைக்கிறேன். (அட்டையில் இருந்தது வேறு. அதைச் சொன்னால் அவள் ஆபீஸில் சிக்குவாள்.)

"ஏம்மா, இந்த வயசுலயே சுகர் டெஸ்டா?"

"ரெண்டு மாசமா பிரெட் அல்வாவா தின்னேன் ஆன்ட்டி. ஒரு நல்ல காரியத்துக்காகத்தான்."

அல்வா தின்பதில் என்ன நல்ல காரியம்? நான் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் மணிக்கு ஒரு முறை எழுந்து...' [நிறுத்திவிட்டேன். வார இதழின் மருத்துவப் பக்கம் மாதிரி இருக்கிறது.]

'மெஹர் பானுவின் கண்ணில் மஞ்சள் ஏறிய அன்று...' [இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே அழவைத்தால் யார் இரண்டாவது வரிக்கு வருவார்கள்?]

மூன்றாவது நிற்கட்டும்:

கே 76.0 என்று அக்தர் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அடிப்பான்.*

* அக்தருக்கு தீபலட்சுமியின் ஆபீஸில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், அந்த ஊர் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, இன்சூரன்ஸுக்காக நோய்க்கு ஒரு எண் போட வேண்டும். கே 76.0 என்றால் கல்லீரலில் கொழுப்பு.

3

சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். நான்காவது மாடி. பதினொரு வருடமாக ஒரே நாற்காலி, ஒன்பது மணி நேரம். நாலு மணிக்கு சமோசா. அக்தருக்கு முப்பத்துநாலு வயது, தொண்ணூற்றொரு கிலோ, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த எண் ஊரான் வயிற்றில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தான்.

அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டார். வளர்த்தது அக்கா மெஹர் பானு. பல்லாவரத்தில் கட்டிக்கொடுத்த பிறகும் தம்பிக்குச் சோறு அவள் கையால்தான். இப்போது அவளுடைய கல்லீரல் சுருங்கிவிட்டது. யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள். புருஷன் சௌகத் அலிக்கு ரத்த வகை சேரவில்லை. சேர்ந்தது தம்பிக்கு மட்டும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க லிவர்ல இருபத்துநாலு பர்சென்ட் கொழுப்பு இருக்கு. இதை எடுத்து அவங்களுக்கு வைக்க முடியாது. பத்துக்குக் கீழ கொண்டு வாங்க. ரெண்டு மாசம். அதுக்கு மேல அக்கா தாங்க மாட்டாங்க."

பட்டினி கிடக்கக் கூடாது, நிதானமாக இறக்க வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். தட்டில் பாதி காய். ஒரு கைப்பிடி சோறு. பயறு, முட்டை வெள்ளை. டீயில் சர்க்கரை கிடையாது. அக்தர் பைக்கைத் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஆபீஸ்வரை நடந்தான். லிஃப்டை மறந்தான். இரண்டு ஏ4 பேப்பர் பெட்டிகளை மேஜைமேல் அடுக்கி, அதன்மேல் மானிட்டரை வைத்து, நின்றுகொண்டே நோய்களுக்கு எண் போட்டான். மேனேஜர் பார்த்துவிட்டு, "என்ன அக்தர், எல்லார் ஸ்கிரீனையும் எட்டிப் பாக்குறீங்களா?" என்றார். சமோசா வண்டி வரும் நேரத்தில் அவன் படிக்கட்டில் மூன்றாவது தடவை ஏறிக்கொண்டிருந்தான்.

[இங்கே நானும் எழுந்து ஹாலில் நாற்பது அடி நடந்துவிட்டு வந்தேன். நீங்களும் எழுந்திருங்கள். கதை எங்கும் ஓடிவிடாது.]

4

இப்போது டப்பா வருகிறது.

முதல் வெள்ளிக்கிழமை சௌகத் அலி ஸ்கூட்டரில் வந்து செக்யூரிட்டியிடம் நாலடுக்கு டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மட்டன் பிரியாணி, தால்சா, கத்திரிக்காய், பிரெட் அல்வா. அக்தரோடு சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர், தீபலட்சுமியும் வெற்றிவேலும். டப்பா எதுவானாலும் நடுவில் வைத்துப் பங்குபோட்டுச் சாப்பிடுவதுதான் அந்த மேஜையின் வழக்கம். ஆனால் வெள்ளிக்கிழமை இருவருமே கறி தொட மாட்டார்கள். தொழுகை முடித்து அக்தர் வந்தபோது டப்பா அப்படியே இருந்தது. ஒரு வாய் என்று ஆரம்பித்தான். நாலடுக்கையும் தனியாகவே முடித்தான். திங்கட்கிழமை எடை ஒரு கிலோ கூடியிருந்தது. அன்றைக்குத்தான் மேஜையில் விஷயத்தை உடைத்தான்.

"அனுப்பாதக்கான்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் தீபலட்சுமி.

"சொன்னேன். அன்னிக்கு ஃபுல்லா அவ சாப்பிடல. மச்சான் போன் பண்ணித் திட்டறாரு."

"அப்ப டப்பாவத் தொறக்காம ரிட்டன் பண்ணு."

"ஸ்டூல் போட்டு உக்காந்து ஆக்கறா தீபா. நிக்க முடியல அவளால. எப்படி ரிட்டன் பண்றது?"

வெற்றிவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். பதினொரு வருடமாக வெள்ளிக்கிழமை முட்டைகூடச் சாப்பிடாதவன்.

"மச்சான், நீ தொழுதுட்டு பொறுமையா வா. நீ வர்றதுக்குள்ள டப்பா காலியா இருக்கும்."

"டேய், வெள்ளிக்கிழமைடா."

"இன்னா இப்போ? முருகர்கிட்ட நான் பேசிக்கிறேன். அவருக்கும் அண்ணன் கீறாரு, புரிஞ்சுப்பாரு."

அடுத்த வெள்ளி பிரியாணி வெற்றிவேலுக்கு, அல்வா தீபலட்சுமிக்கு. கழுவித் துடைத்த டப்பா சாயங்காலம் பல்லாவரம் போய்ச் சேர்ந்தது. அக்கா போன் செய்தாள்.

"சாப்ட்டியா?"

"ஒரு பருக்கை மிச்சம் இல்லக்கா."

பொய் இல்லை, பாருங்கள்.

5

இந்த இடத்தில்தான் எனக்கு மெஹர் பானுமேல் சந்தேகம் வந்தது.

தீபலட்சுமி சொன்னது, "பாசம் ஆன்ட்டி, வேற என்ன?" என் முதல் நகலில் நானும் அப்படித்தான் எழுதினேன். 'அன்பே உருவான மெஹர் பானு...' [அடித்துவிட்டேன். உருவான, கருவான என்றெல்லாம் எழுதினால் ஆள் காணாமல் போய்விடுவாள்.]

பிறகு தீபலட்சுமி சொன்ன விவரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் டப்பா வந்தது. மூன்றாவது வாரம் அக்தர் போனில், "எடை எறங்குதுக்கா, ரெண்டு கிலோ" என்று சந்தோஷமாகச் சொன்னான். அந்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமையும் வந்தது. "மூணு கிலோ" என்றான். புதன்கிழமையும் வந்தது, நெய் கூடுதலாக.

எடை இறங்க இறங்க டப்பா ஏறியிருக்கிறது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுகிற மாதிரி.

என் பேத்தி ஓவியா இதைப் படித்துவிட்டு, "போ பாட்டி, அக்காவப் போய் வில்லி ஆக்குற" என்றாள். ஆக்கவில்லை. அறுபது வருடம் ஆட்களுக்குச் சோறு போட்டவள் நான். எதற்காக ஒரு கரண்டி கூடப் போடுகிறோம் என்பது போடுகிறவளுக்குத் தெரியும். தம்பி ஸ்கேனில் தோற்க வேண்டும் என்றுதான் மெஹர் பானு சமைத்தாள். தோற்றால் அவன் வயிற்றில் கத்தி படாது.

இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. தீபலட்சுமியே வந்து மறுத்தாலும் இந்தப் பகுதியை மாற்ற மாட்டேன்.

6

அடுத்த காட்சியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன்.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. பல்லாவரம் வீடு. வேலை அதிகம் என்று ஒன்றரை மாதம் தட்டிக்கழித்தவன் அன்று வந்துவிட்டான். மெஹர் பானு கட்டிலில் சாய்ந்திருந்தாள். கால் வீங்கி, கன்னம் ஒட்டியிருந்தது. அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தாள். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இரண்டு.

"டப்பாவ யார்றா காலி பண்ணது?"

அக்தர் சிரித்து மழுப்பப் பார்த்தான். நடக்கவில்லை.

"ஆபீஸ்ல, ரெண்டு பேரு."

"நான் அவங்களுக்கா ஆக்குனேன்?"

"எனக்குத்தான் ஆக்குன. எதுக்கு ஆக்குனன்னு நீ சொல்லு."

அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சௌகத் அலி எதுவும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்ளோ எறங்கியிருக்க?"

"ஏழரை கிலோ."

"வயித்துல அவ்ளோ நீளம் தையல் இருக்கறவனுக்கு யார்றா பொண்ணு குடுப்பா? நாப்பத்துநாலு வயசு வாழ்ந்துட்டேன். எனக்குப் போதும். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பொண்ணு பாக்கறது உன் வேல. இருந்து பாரு."

"பேச்சப் பாரு."

"நீ ஆக்குனதுல வெற்றிவேலுக்கு அஞ்சு கிலோ ஏறிடுச்சுக்கா. அவன் சட்ட பட்டன் போட முடியாம நிக்கறான். மூணு பேரு சேந்து வேல பாத்திருக்கோம். வாங்கிக்கறேன்னு ஒன்னால ஒரு கையெழுத்து போட முடியாதா?"

[இந்த வசனம் கொஞ்சம் நீளம்தான். இருக்கட்டும். ஏழு வாரமாக அவித்த பயறு தின்றவன் நாலு வார்த்தை பேசட்டும்.]

7

இனி முடிவு. லேபில் தீபலட்சுமி கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அப்படியே தருகிறேன்:

"ஸ்கேன்ல எட்டு பர்சென்ட் வந்துடுச்சு ஆன்ட்டி. ஆனா அவங்க அக்கா..."

உள்ளேயிருந்து அவளுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள். அடுத்து என்னுடையது. நான் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயிருந்தாள். மூன்று நாள் அதே நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்தேன். வரவில்லை. ரிசப்ஷன் பெண், "உங்களுக்கு இன்னிக்கு டெஸ்ட் இல்லயே?" என்று ஒரு மாதிரி பார்த்தாள்.

அதனால் நானே இரண்டு முடிவு எழுதினேன்.

முதல் முடிவில் மெஹர் பானு கையெழுத்துப் போடுகிறாள். ஆறு மாதம் கழித்து அக்தருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். வாசிக்க நன்றாக இருந்தது, ஆனால் அவ்வளவு பிடிவாதக்காரி ஒரே பத்தியில் எப்படி மசிந்தாள் என்று எனக்கே விளங்கவில்லை.

இரண்டாவதில் அவள் பேனாவைத் தள்ளிவிடுகிறாள். அக்தர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில்... [முடிக்கவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. மனசு வரவில்லை.]

அறுவைச் சிகிச்சைக்கு அவன் சம்மதம் போதாது. பெற்றுக்கொள்கிறவளும் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது தாள் அவள் முன்னால் இருக்கிறது. தம்பி பக்கத்தில் நிற்கிறான், உட்காரச் சொன்னாலும் உட்காராமல். இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகிய ஒருத்தி, ஒரு நாள் வாங்கிக்கொள்வதற்கு எப்படிச் சம்மதிப்பாள்? எனக்கு அந்த அனுபவம் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட நானே எழுந்து எடுத்துக்கொள்கிற ஜாதி நான்.

உங்களில் யாருக்காவது இருக்கும். எழுதுங்கள். நீங்கள் கொடுத்த கதை வேண்டாம், வாங்கிக்கொண்ட கதை. யார் கொடுத்தார்கள், எத்தனை தடவை வேண்டாம் என்றீர்கள், கடைசியில் என்ன சொல்லிக் கையை நீட்டினீர்கள் என்று எழுதுங்கள். மெஹர் பானு பேனா மூடியைத் திறந்துவிட்டாள். அடுத்த வரியை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.