கதவு சாத்த ஒரு வயர்

அந்த வீட்டின் உள்ளறைக் கதவைக் கடைசியாக யார் சாத்தினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. உண்மையில் அது கதவே அல்ல, அலமாரி. அதன் பின்பக்க ஆணிகளில் குடை, கைப்பைகள், அப்பாவின் வேலைச் சட்டை, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத மழைக்கோட்டு. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மடக்குக் கட்டில், இஸ்திரி மேசை, துடைப்பம். பட்டப்பகலில் ஒருத்தி கதவைச் சாத்துகிறாள் என்றால் அவளுக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோபமாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

மகள் கோபக்காரிதான். ஆனால் அதற்கென்று கதவைத் தேடிப் போனதில்லை, எல்லார் முன்னாலும் கோபப்பட்டே பழக்கம். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். படித்தது என்னவோ வணிகவியல். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கி ஒரு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்த பிறகு, ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டது. எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளின் காப்பீட்டு பில்களைச் சரிபார்க்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டே நிபந்தனை. இணையம் வயர் வழியாகத்தான் வர வேண்டும், வைஃபை கூடாது. நோயாளிகளின் விவரம் என்பதால் அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும். இரண்டையும் வீடியோவில் பார்த்த பிறகுதான் வேலை.

வைஃபையை வைத்தே சமாளித்துவிடலாம் என்று அன்று காலை துணிந்து உட்கார்ந்தாள். வீடியோவில் பரிசோதனை செய்ய வந்த கம்பெனிப் பெண் பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்தில் வாய் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள். அந்த நேரம் பார்த்து இஸ்திரிப் பெட்டியை எடுக்க அம்மா உள்ளே வந்தாள்.

“யாருடி இவ, பிளந்த வாயை மூடாம நிக்கிறா?”

படம்தான் உறைந்திருந்தது. அந்தப் பெண்ணுக்குக் காது நன்றாகக் கேட்டது.

“உங்க ஸ்டடி ரூம்ல உக்காந்துக்கலாமே மேடம்?” என்றாள் அந்தப் பெண், படம் மறுபடி அசைந்ததும். “நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பார்க்கிறேன். அதுவும் சரியா வரலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம். சாரி.”

ஸ்டடி ரூமாம்! வக்கீலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் படுத்து எழுந்து, துணி மடித்து, சண்டை போட்டு, சமாதானமாகும் அறைக்கு அந்தப் பெண்ணின் அகராதியில் பெயரே இருக்காது. மோடம் இருப்பது முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில். அதை இடம் மாற்ற ஆள் வருவதற்கு ஒரு வாரம் ஆகுமாம். முன்னறையில் போய் உட்காரலாம் என்றால் அது அறை இல்லை, வருவோர் போவோர் எல்லாம் நுழையும் தெருவின் மிச்சம். ஆக, மோடத்திலிருந்து உள்ளறைக்கு ஒரு வயர் வேண்டும்.

வேலைக்குப் போயிருந்த அப்பாவிடம் போனில் சொன்னாள். அப்பா பெயிண்டர். சாயங்காலம் தோளில் ஒரு கறுப்பு வயர்ச்சுருளை மாட்டிக்கொண்டு, போரில் ஜெயித்தவர் மாதிரி வந்து சேர்ந்தார்.

“இருக்கிறதுலயே தடியானதா குடுன்னு கேட்டு வாங்கினேன். வெயில், மழை எதுவும் ஒண்ணும் பண்ணாதாம். ரெண்டு பக்கமும் முனை போட்டுக் குடுத்துட்டான்.”

“வீட்டுக்குள்ள எங்கப்பா மழை பெய்யுது?”

“பெய்ஞ்சா?”

வக்கீல் வேலையில் இறங்கினாள். மடக்குக் கட்டிலையும் மற்றதையும் அம்மாவின் முணுமுணுப்பையும் முன்னறைக்கு நகர்த்திவிட்டு, வயரை உள்ளறை வாசற்படியில் கிடத்திக் கதவைச் சாத்திப் பார்த்தாள். பாதியிலேயே நின்றது. இன்னும் தள்ளினாள். கதவு வயர்மேல் ஏறி முனகியது. கீழே இடைவெளி இருந்ததே நாணயக் கனம்தான். ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் டப்பாவில் மிஞ்சிய பெயிண்ட்டை வீணாக்க மனசு வராமல் அப்பா இந்தக் கதவுக்குத்தான் அடிப்பார். பூச்சுமேல் பூச்சு ஏறி, அது வருடாவருடம் சதை போட்டிருந்தது.

“ஊர்க் கதவெல்லாம் சிக்குனு இருக்கு. நம்ம வீட்டுக் கதவுக்கு மட்டும் ஏன்பா தொப்பை?”

“கொஞ்சம் தெறந்தாப்ல இருந்தா என்னவாம்? பில்லுதானே பாக்கப்போற? எங்களுக்குத் தெரியாத பில்லா?” என்றாள் அம்மா.

“யாரோ ஒருத்தங்க வயித்துல என்ன கட்டின்னு அதுல எழுதியிருக்கும்மா. உனக்கு வந்ததை நாலு வீட்டுக்காரங்க படிச்சா சும்மா இருப்பியா?”

அம்மா தானே வந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். போன வருடம் அவளுக்கு வந்ததை அவளே வீட்டைத் தாண்டி யாரிடமும் சொன்னதில்லை.

“இந்த வயரைத் திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கலாம் வாங்கப்பா.”

“வெட்டின வயரை எவன் திருப்பி வாங்குவான்?” என்றார் அப்பா. முகம் சின்னதாகிவிட்டது. மகளுக்காகத் தேடித்தேடி வாங்கியது, தரையில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தப் பெண்மேல் இருந்த கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது. அப்பாமேல் காட்ட முடியாததை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இந்த முறை அளந்து வாங்குவது என்று முடிவு செய்தாள். வீட்டில் அளவு நாடா இல்லை. பின்பக்கம் போய் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. இழுத்த இழுப்பில் நைந்த கயிறு முளையோடு அறுந்து கையில் வந்தது.

“ஈரத்துணியை உன் தலையிலயா காயப்போடுவேன்?” என்று அம்மா கத்தினாள்.

“போடு. சூடாத்தான் இருக்கு.”

மோடத்தில் தொடங்கி, டிவிக்குப் பின்னால், சுவர் ஓரமாகவே, மூலையில் மடங்கி, முன்னறைப் பீரோவைச் சுற்றி, வாசற்படி தாண்டி, தன் மேசை வரைக்கும் கயிற்றைப் படுக்கவைத்தாள். முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, கடை மூடுவதற்குள் அப்பாவை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைக்காரர் கயிற்றைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“என்ன பெயிண்டரண்ணே, யாரைக் கட்டிப்போட?”

“உங்களைத்தான்” என்றாள் வக்கீல். “வீட்டுக்குள்ள போடறதுக்கு வெளியில போடற வயரைக் குடுத்திருக்கீங்க.”

“தடியானது கேட்டாரும்மா, குடுத்தேன். சரி, இதைப் பாரு. கேட்டகரி எட்டு, நெட்டு வயர்லயே ஒசந்த தரம். ஆறைவிட எட்டு பெருசு.”

“எங்க வீட்டுக்கு வர்ற நெட்டுக்கு ஆறே அதிகம். தட்டையா வருமே, பட்டை மாதிரி, கதவுக்கடியில போறாப்ல. அது வேணும்.”

இரண்டு டப்பாக்கள் கல்லாமேல் வந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

“இதுல எது முழுச் செம்பு? எது அலுமினியத்துமேல செம்பு பூசினது?”

கடைக்காரர் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவுக்குத்தான் முகம் மலர்ந்தது. அத்தனை நேரம் புரியாத பாஷைக்கு நடுவில் நின்றவருக்கு ஒரு சொல் சொந்தக்காரன் மாதிரி வந்து கைகொடுத்தது.

“பூச்சு வேலையா? அப்படிச் சொல்லு! கீழ வேற, மேல வேற. யோவ், என்கிட்டயேவா?”

“நான் எங்கண்ணே ஒளிச்சேன்? இந்த டப்பாதான் முழுச் செம்பு. எழுதியிருக்கு பாருங்க.”

கயிற்றைக் கல்லா ஓரத்து அளவுகோலில் வைத்து நீட்டினார்கள். முடிச்சு இருபது மீட்டரைச் சாண் அளவு தாண்டி விழுந்தது. தட்டை வயர் இருபதில் வரும், இல்லாவிட்டால் முப்பதில்தான்.

“இருபதை இழுத்துப் பிடிச்சா வந்துடாது?” என்றார் அப்பா.

“இழுத்துக் கட்ட அது துணிக்கொடி இல்லப்பா. மூலையில திரும்பணும், யார் கால்லயும் மாட்டக்கூடாது.”

“முப்பதுன்னா, அவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள நெட்டு சோர்ந்துடாதா?”

“நூறு மீட்டர் வரைக்கும் சோராது. மிச்சத்தைச் சுருட்டி மேசைக்கடியில வெச்சுக்கலாம்.”

வீடு திரும்பியதும் அவளே சுவரோரம் வயரை ஓட்டினாள். அப்பா பின்னாலேயே வந்து சின்ன கிளிப்புகளை அடித்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் வயர் ஒரு நாடாவைப் போல அடங்கிப் படுத்தது. கதவு இப்போது வயரைத் தொடவில்லை. ஆனால் நிலைச்சட்டத்தில் இடித்தது, அங்கேயும் பெயிண்ட். அப்பா தன் சுரண்டியை எடுத்து வந்து உட்கார்ந்தார். பச்சை, ரோஜா, சாம்பல், மஞ்சள் என்று ஊரார் வீடுகளெல்லாம் அவர் மடியில் உதிர்ந்தன. “இது டாக்டர் வீட்டு மாடி” என்று ஒரு நீலச் சுருளைக் காட்டினார்.

கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லாமல்.

கூடவே இன்னொன்றும் வெளிப்பட்டது. அத்தனை நாளும் கதவுக்குப் பின்னால் இருந்த சுவர், இவர்கள் குடிவந்தபோது இருந்த அதே அழுக்குப் பழுப்பில், ஆள் உயரத்துக்கு நின்றது. “யார் பாக்கப்போறான்னு விட்டுட்டேன்” என்றார் ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவர். மேசை இருந்த இடத்துக்கு, காமிராவில் விழப்போவது அந்தச் சுவர்தான். விடிந்ததும் அவர் அதற்கு முதல் பூச்சு அடித்தார்.

வீடியோவில் அந்தப் பெண் வந்தாள். இந்த முறை உறையவில்லை. கதவைக் காட்டச் சொன்னாள், வக்கீல் காட்டினாள். வயரைக் காட்டச் சொன்னாள், காட்டினாள். லைனின் வேகத்தைப் பார்த்து அந்தப் பெண் தலையாட்டினாள்.

“பின்னாடி சுவர்ல என்ன மேடம், ரெண்டு கலர்?”

“வேலை நடக்குது” என்றாள் வக்கீல். ஸ்டடி ரூமைப் பற்றி நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். முழுதும் விழுங்கவில்லை. “இந்த ரூமை நேத்துத்தான் உண்டாக்கினோம்.”

அந்தப் பெண் முதன்முறையாகச் சிரித்தாள். “நல்லாயிருக்கு. திங்கட்கிழமை ஆரம்பிச்சிடுங்க.”

திரை அணைந்தது. ஈரப் பெயிண்ட் வாசனை. ஜன்னலுக்கு வெளியே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் அப்பாவின் கறுப்பு வயர் விறைப்பாக நின்றது. வீட்டுத் துணி அத்தனையும் அதில் தொங்கியும் இம்மிகூடத் தொய்யவில்லை. வெயில், மழை எதுவும் அதை ஒன்றும் பண்ணாது.

அப்போது ஒரு சத்தம். என்னவென்று சட்டென்று விளங்கவில்லை. அந்த வீட்டில் அவள் கேட்டறியாத சத்தம் அது. அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா? உள்ள வரலாமா?”

வக்கீல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“ஒரு நிமிஷம் இரும்மா” என்றாள். அந்த ஒரு நிமிடத்தை அவசரப்படாமல், முழுதாக எடுத்துக்கொண்டாள்.