எட்டுக்குப் பிறகு பத்து

அன்று கோச்சுக்குக் கடைசி ஆட்டம். இருபத்திரண்டு வருஷம் ஒரே கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணியைக் கட்டி மேய்த்தவர், அடுத்த வாரத்திலிருந்து ஓய்வு. கட்டி மேய்த்தவர் என்பது மரியாதைக் குறைவாகப் பட்டால் மன்னிக்கவும். அந்தப் பன்னிரண்டு பெண்களை அறிந்தவர்கள் வேறு சொல் தேட மாட்டார்கள்.

காலையில் கோச்சின் கணவர் பால்கனிக் கொடியிலிருந்து ஜெர்சிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். சலவைக்கடைக்காரர் ஒருமுறை வெள்ளை ஜெர்சிகளை ரோஸ் நிறத்தில் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அந்த வேலை அவருடையது. ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் எந்த நம்பர் அதிகம் வேர்ப்பாள், எந்த நம்பர் விழுந்து புரள்வாள் என்பதெல்லாம் அத்துப்படி.

"ஒம்பது திரும்பி வந்துட்டா போல?" என்றார்.

"ஆமா, ஏழு மாசம் கழிச்சு. முட்டி சரியாயிடுச்சு. இன்னைக்கு அவ அம்மாவும் வர்றாங்க."

ஒன்பதாம் நம்பருக்கு அணியில் ஏணி என்று பெயர். உயரம் அப்படி. கடைசி வருஷம் படிக்கிறாள். அவளுக்கும் இதுதான் கல்லூரிக்காக ஆடும் கடைசி ஆட்டம். அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். ஆட்டமெல்லாம் சாயங்காலம், ஷிஃப்டும் சாயங்காலம். மூன்று வருஷத்தில் மகள் ஆடி ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. இன்று மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கியிருந்தார். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இரண்டாவது கால்பகுதியில் கோச், "ஏணி, நீ போ!" என்றார். கேலரியில் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். ஏணி மேஜைக்கு ஓடினாள். ஸ்கோர் எழுதுபவர் தாளில் விரலை மேலும் கீழும் ஓட்டினார்.

"ஒம்பதா? அப்படி ஒரு நம்பரே இல்லையே."

பட்டியலை எழுதியது கோச்தான். ஏழு மாதமாக எட்டுக்குப் பிறகு பத்து என்று எழுதிப் பழகிய கை, இன்றும் அப்படியே எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. பட்டியலில் இல்லாதவள் ஆட முடியாது. கையெழுத்துக்குப் பிறகு சேர்க்கவும் முடியாது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பழம் தின்று கொட்டை போட்டவர் செய்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எதிரணிக் கோச் நல்ல மனுஷி. நடுவரிடம், "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், ஆடட்டும்" என்றார்.

நடுவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஆசாமி. "உங்களுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கலாம் மேடம். ரூல்னு ஒண்ணு இருக்கே."

கோச்சின் முகத்தில் ஈயாடவில்லை. "தப்பு என்னோடதும்மா" என்றார், ஏணியை நிமிர்ந்து பார்க்க முடியாமல்.

ஏணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜெர்சிக்கு மேல் சட்டையை மாட்டினாள். பிறகு, "கோச், அவங்க நாலாம் நம்பர் இடது பக்கம் மட்டும்தான் போறா. நம்ம குட்டிகிட்ட சொல்லுங்க, மறிச்சிரலாம்" என்றாள்.

அணியிலேயே குள்ளமான குட்டி மறித்தாள். இடைவேளையில் ஏணி கேலரிக்கு ஏறி அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். ஆட்டம் முடிந்தபோது கோச்சின் அணி மூன்று புள்ளியில் ஜெயித்திருந்தது. பெண்கள் கும்பலாகக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கோச்சுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நேராகக் கேலரிக்கு ஏறினார். அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நீங்க எதுக்கு ஏறி வந்தீங்க? எல்லாம் சொன்னா. பேர் கொடுக்கச் சொல்லி நீங்க நாலு தடவை கேட்டும் இவதான் மறந்துட்டாளாமே! நல்லா திட்டி விட்டிருக்கேன்."

கோச் தலையை ஆட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, மாலையும் கைதட்டலுமாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பொய் சொல்றாம்மா. மறந்தது நான்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அந்தத் திட்டெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியதா?"

"ஆமாம்மா. பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"அரை மணி நேரம்."

ஐம்பத்தெட்டு வயது முட்டியோடு கோச் இரண்டிரண்டு படியாக இறங்கினார். எதிரணிக் கோச்சிடம், "இன்னொரு பத்து நிமிஷம் ஆடலாமா? ஸ்கோர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தப் பொண்ணோட அம்மா பாக்கணும்" என்றார். ஷூவைக் கழற்றிவிட்ட எதிரணிப் பெண்கள் முனகினார்கள். முனகிக்கொண்டே திரும்ப மாட்டினார்கள். விளக்கை அணைக்க வந்த காவலாளி, "என்னமோ பண்ணுங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போது நடுவர் வேறு சட்டையில், பையோடு வெளியே வந்தார். கோச் விஷயத்தைச் சொன்னார்.

"இது மேட்ச் இல்லதானே?"

"இல்ல சார்."

நடுவர் பையைக் கீழே வைத்து, பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்தார். "ஆனா ஃபவுல்னா ஃபவுல்தான். சொல்லிட்டேன்."

கோச் மறுபடி மேலே ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் கேலரியில் உட்கார்ந்து அவர் பார்த்த முதல் ஆட்டம் அது. ஏணி முதலில் போட்ட இரண்டும் வெளியே போயின. முட்டியை நம்பாமல் பாதிதான் குதிக்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. மூன்றாவது முறை குட்டி கொடுத்த பந்தை வாங்கி நன்றாக எம்பினாள். பந்து வளையத்துக்குள் சுத்தமாக இறங்கியது.

"என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று அம்மா ஆஸ்பத்திரிவரை கேட்கும்படி கத்தினார். ஏணி கீழே முகத்தை மூடிக்கொண்டாள்.

கோச்சுக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுவருக்கும், காவலாளிக்கும், அலுப்போடு ஓடிக்கொண்டிருந்த அந்த எதிரணிப் பிள்ளைகளுக்கும் காலில் விழுந்து நன்றி சொல்லலாம் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு முதலில் சொன்னார்.

"ரொம்ப நன்றிம்மா. லீவு கேட்டு, இவ்வளவு தூரம் அவ ஆட்டத்தைப் பாக்க வந்தீங்களே."

"ஆட்டத்துக்காகவா கூப்பிட்டா?" என்றார் அம்மா, மகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஒரு வாரமா ஒரே பிடிவாதம். 'எங்க கோச் இந்த மேட்ச்சோட போறாங்கம்மா, நீ ஒரு தடவையாவது அவங்களைப் பாத்துரணும்'னு. அதான் வந்தேன். உங்களைப் பாக்கத்தான்."