ஞாயிறு காலை, இருபத்து நான்கு மீட்டர்

அக்டோபர் 14, செவ்வாய்

சனிக்கிழமைக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. "கடிகாரத்தைக் கழுவித் துடைத்து இழுப்பறையில் வைத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். வைத்தது உண்மை. ஆனால் இரவு எட்டு மணிக்கு அக்கா கேட்டாள், எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதை எழுதவில்லை. மறந்து விடவில்லை. கொடுக்கக் கூடாது என்று தெரிந்தே கொடுத்ததால் எழுதக் கூச்சமாக இருந்தது.

மாலை நேர முக்குளிப்பு வகுப்பின் முதல் நாளே மாஸ்டர் இந்த விதியைச் சொன்னார். "இதை வாட்ச்சுன்னு நினைக்காதீங்க. பல்லு தேய்க்கிற பிரஷ்னு நினைங்க. ஒருத்தர் வாயில வச்சதை இன்னொருத்தர் வைப்பீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன்.

காரணம் எளிமையானது. ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தோம் என்பதை வைத்து அது எவ்வளவு கரைந்திருக்கும் என்று, டைவ் கம்ப்யூட்டர் என்கிற இந்தக் கடிகாரம் கணக்கிடுகிறது. மேலே ஏறும் வழியில் எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. கரையேறிய பிறகும் உடம்பில் மிச்சமிருப்பதை நினைவில் வைத்திருக்கும். ஆனால் கை மாறினால் அதற்குத் தெரியாது. அக்காவின் ரத்தத்தில் இருப்பதை என் ரத்தத்தில் இருப்பதாகவே நம்பும்.

வகுப்பில் சொந்தக் கடிகாரம் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பஸ் ஓட்டுநர், இன்னொருத்தி நான். அக்கா உட்பட மற்றவர்களுக்கு வகுப்பின் கடிகாரங்கள்தான். அவை வகுப்பு நேரத்தில் மட்டும்தான் கிடைக்கும், நீச்சல் குளத்தை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சனிக்கிழமை அக்கா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு குளத்துல சும்மா மூச்சடக்கிப் பாக்கப் போறேன்டி. எத்தனை செகண்ட் தாங்குறேன்னு தெரிஞ்சா போதும்" என்றாள். சிலிண்டர் இல்லாமல், மூச்சடக்கி, நாலு மீட்டர் குளத்தில். அதில் நைட்ரஜனுக்கு வேலையே இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு இரவு கடிகாரம் இழுப்பறைக்குத் திரும்பியிருந்தது, நான் எடுத்துப் பார்க்கவில்லை.

நேற்று திங்கள். வருகிற சனிக்கிழமைதான் படகு. மூன்று மாத வகுப்பும் அந்த ஒரு நாளுக்காகத்தான். கடலில் இறங்கி மாஸ்டர் முன்னால் செய்து காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். இந்தப் பருவத்தின் கடைசிப் படகு அது. விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நானும் அக்காவும் ஒரு ஜோடி என்று முதல் வாரமே பெயர் கொடுத்திருந்தோம்.

வகுப்பின் முதல் அரைமணி ஸ்கின் டைவிங். மூச்சடக்கி அடிவரை போய் வருவது. அதற்குக் கடிகாரத்தில் தனி முறை உண்டு. இடது பொத்தானை அழுத்திப் பார்த்தேன், மாறவில்லை. வலது பொத்தான். மாறவில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். திரையில் ஒரு பூட்டுப் படமும் "16 மணி" என்ற எழுத்தும்தான் வந்தன. நான்தான் கழுவும்போது எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். என் முதல் நினைப்பு எப்போதும் அதுதான்.

"என்ன தங்கச்சி, கியர் விழலியா?" என்றார் பஸ் ஓட்டுநர், துடுப்புக் காலணியை மாட்டிக்கொண்டே.

"எதையோ தப்பா அழுத்திட்டேன் போலண்ணே."

"நீங்க அழுத்தி தப்பாகுமா? நீங்க செருப்பையே அளந்து விடுற ஆளாச்சே."

மாஸ்டர் வந்து கையை நீட்டினார், கழற்றிக் கொடுத்தேன். படகுக்கு முன் எல்லாக் கடிகாரங்களையும் பார்க்க வேண்டிய நாள் அது. அவர் பொத்தான்களை மூன்று முறை அழுத்தினார். முகம் மாறியது.

"இது யாருது?"

"என்னுது மாஸ்டர்."

"ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது நாப்பதுக்கு இறங்கியிருக்கு. இருபத்து நாலு மீட்டர். முப்பத்தஞ்சு நிமிஷம். மேல வர்றப்ப நில்லுன்னு சொல்லியிருக்கு, நிக்கல. அதனால நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பூட்டிக்கிச்சு." அவர் குரல் உயரவே இல்லை. "சர்டிபிகேட் வாங்குறதுக்கு முன்னாடி கடலுக்குப் போயிருக்கீங்க. எந்த மகராசன் கூட்டிட்டுப் போனான்?"

அந்த நேரத்தில், வகுப்புக்குச் சிலிண்டர்களில் காற்று நிரப்புபவர் தன் தள்ளுவண்டியோடு குளத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். வண்டிச் சக்கரம் நின்றது. பிறகு மறுபடி உருண்டது.

அக்கா எனக்கு இரண்டடி தள்ளி நின்று முகமூடியின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஏதோ ஒரு விளக்கம் இருக்கும், அதை அவள் இப்போது சொல்வாள் என்று நம்பினேன். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன், மூச்சடக்கும்போது எண்ணுவது போல. ஒன்று, இரண்டு. பன்னிரண்டு வந்தபோது மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே ஜோடி? உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது மாஸ்டர்" என்றாள் அக்கா. "அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

பட்டை ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. அவள் அதை இன்னொரு முறை இழுத்துவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஒருவேளை நான்தான் போனேனோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஞாயிறு காலை நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினொரு ஜோடி லென்ஸ்களைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தினேன் என்று நன்றாகத் தெரிந்தும் தோன்றியது. மாஸ்டர் படகுப் பட்டியலில் என் பெயரை ஒரே கோடாக அடித்தார். அக்காவை, ஜோடி இல்லாமல் இருந்த பஸ் ஓட்டுநரோடு சேர்த்தார். "ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள அவசரம் அடங்கியிருக்கும்" என்றார். அவசரப்படுவதாக என்னை ஒருவர் சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.

மிச்ச வகுப்பு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆழமான பக்கத்தில் இரண்டு இடங்களிலிருந்து குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன. எது அக்காவினுடையது என்று தெரியும். அவள் மூச்சை நீளமாக விடுவாள், பெரிய குமிழிகளாக வரும். கடிகாரத்தின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் பக்கம் பிழை இருக்குமோ என்று கடைசியாக ஒரு முறை தேடினேன். தேதி சரி. நேரம் சரி. தண்ணீரின் வெப்பம் பத்தொன்பது. குளத்தில் எப்போதும் இருபத்தெட்டு. பிழை இல்லை.

அவள் எனக்காகக் காத்திராமல் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போனபோது தலைவலி என்று கதவைச் சாத்தியிருந்தாள்.

இன்று காலை பத்து மணி பதினைந்து நிமிடத்துக்கு, கடையில் ஒரு குழந்தையின் கண்ணாடிக்கு மூக்குத் தாங்கி மாற்றிக்கொண்டிருந்தபோது, கடிகாரம் ஒரு முறை அதிர்ந்தது. பூட்டு போய்விட்டது. ஒன்றுமே நடக்காததுபோல நேரத்தைக் காட்டியது. அதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் போதுமாக இருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு பால்கனியில் அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை யார் கூட போன?"

"வந்தவுடனே ஆரம்பிச்சிட்டியா ஸ்கேலு?" ஸ்கேல் என்பது வீட்டில் எனக்கு அவள் வைத்த பெயர். "சிலிண்டர் அண்ணன் கூடத்தான். அவர் போட்ல ஒரு இடம் காலியா இருந்துச்சு. கையில கம்ப்யூட்டர் இல்லாம ஏத்த மாட்டேன்னுட்டார். உன்கிட்ட உண்மையச் சொன்னா நீ தருவியா?"

"தர மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"மேல வர்றப்ப ஏன் நிக்கல?"

"காத்து கொறஞ்சு போச்சு. பயந்துட்டேன்." சட்டையை நான்காக மடித்தாள். "கீழ எப்படி இருந்துச்சு தெரியுமா? நீ பாத்தா அழுதுடுவ. ஒரு மீன் கூட்டம் அப்படியே திரும்புச்சு பாரு, எல்லாம் ஒரே நேரத்துல…"

"அக்கா."

"என்ன?"

"நேத்து ஏன் தெரியாதுன்னு சொன்ன?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். என் துண்டு அது. அதையும் மடித்தாள். "சொன்னா என் பேரையும் அடிச்சிருப்பார். வாட்ச்சை இரவல் குடுத்ததுக்கு உன் பேர் எப்படியும் போகும். ரெண்டு பேரும் கரையில நின்னு என்ன பண்றது? ஒருத்தியாவது போகட்டுமேன்னு தோணுச்சு."

"அந்த ஒருத்தி நீயா?"

"கோவப்படாம கேளு. நீ தயாரா இல்லடி. நான் சொல்லல, நீயே சொன்னதுதான். 'எட்டாம் தேதி. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் கை நடுங்கியது. அடுத்த சனிக்கிழமை படகில் ஏற எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.' நீ எழுதினதுதானே?"

ஒரு சொல் பிசகவில்லை. அச்சில் இருப்பதை வாசிப்பது போலச் சொன்னாள். அந்த வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

"எப்பலேருந்து படிக்கிற?"

அவள் முகத்தில் நேற்று குளத்தருகே வராத கூச்சம் இப்போது வந்தது. "சும்மா எப்பவாவது. மேசை மேலயே கிடக்கும்ல. நீ என்னைப் பத்தி என்ன எழுதறேன்னு பாக்கலாம்னு…"

"உன்னைப் பத்தி நல்லாத்தானே எழுதியிருக்கேன்."

"ஆமா" என்றாள். கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்ன இரண்டு வரிகளுக்குக் கீழே மூன்றாவது வரி இருக்கிறது: "ஆனால் அக்கா பக்கத்தில் இருந்தால் பயமில்லை." அதை அவள் சொல்லவில்லை. படித்திருப்பாள்.

கை நடுங்கியது உண்மை. வெள்ளிக்கிழமை முகமூடியை நாலு முறை கழற்றி மாட்டினேன், நாலாவது முறை நடுங்கவில்லை. அதை வெள்ளிக்கிழமைக் குறிப்பில் எழுதாமல் விட்டது இன்னொரு பிழை. நடுங்கியதை மட்டுமே எழுதுகிறேன், நடுங்காததை எழுதுவதில்லை. அவள் படித்தது அந்தப் பாதியை. ஆனால் அரைகுறையாகப் படித்ததற்காக அவளை மன்னிக்கலாம் என்று தோன்றவில்லை. மூன்றாவது வரியைப் படித்த பிறகும் மாஸ்டரிடம் அப்படிச் சொன்னாள்.

சொன்னால் அவள் பெயரும் போகும். சிலிண்டர்காரரின் வேலை போகலாம். சொல்லாவிட்டால், தண்ணீரில் நிற்காமல் மேலே வந்த ஒருத்தி என்று வகுப்பில் என் பெயருக்கு நேராக இருக்கும். உண்மையில் நிற்காமல் வந்தவள், அதைப் பற்றி ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்காமலே, சனிக்கிழமை பஸ் ஓட்டுநரை நம்பவைத்துக் கடலில் இறங்குவாள். அந்த மனிதருக்குத் தன் ஜோடியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இதை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் வேறு முடிவு வரவில்லை. எனக்குப் படகில் இடம் திரும்பக் கிடைக்காமலும் போகலாம். இரவல் கொடுத்தது நான்தானே.

இந்தப் பக்கத்தையும் அக்கா படிப்பாள். நோட்டை ஒளித்து வைக்கப் போவதில்லை. மேசை மேலேயே இருக்கும்.

நாளை புதன். ஆறு மணிக்கு வகுப்பு. ஐந்தரைக்கே போய் மாஸ்டரிடம், கடிகாரத்தை இரவல் கொடுத்தேன் என்றும் ஞாயிற்றுக்கிழமை அது என் கையில் இல்லை என்றும் சொல்ல வேண்டும். யார் கையில் இருந்தது என்று கேட்பார். அதையும் சொல்ல வேண்டும்.