துணித் தெரு

பஞ்சு பூகோள உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் இருந்த டீச்சரின் விரலை மெல்ல எடுத்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறதென்று குனிந்து பார்த்தாள். "நாம இங்கதான் இருக்கோம்" என்று டீச்சர் தொட்டுக்காட்டிய இடம் அது. வெறும் பச்சை.

"நாம இல்லையே டீச்சர்."

சும்மா சொல்லக்கூடாது, நியாயமான பேச்சுதான். எதையும் மெதுவாகப் பழகும் பிள்ளைகளுக்கான வகுப்பு அது. அவர்களுக்கு உலகத்தைச் சுருக்கிக் காட்டிப் புண்ணியமில்லை, உள்ளே இறங்கி நடக்கிற அளவுக்கு விரிக்க வேண்டும் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படித்தான் வகுப்பறைத் தரை முழுக்க ஒரு துணி வரைபடம் வந்தது. பள்ளி வாசலிலிருந்து பஞ்சுவின் அம்மா நடத்தும் தையல்கடை வரைக்கும். சாம்பல் நாடாதான் தெரு, உப்புத்தாள்தான் ஜல்லிச் சந்து, வெல்வெட் பூங்கா, வழவழவென்ற நீலத்துணி கால்வாய். பிள்ளைகள் வெறுங்காலோடு நடந்தார்கள். யாராவது தடுமாறினால் போதும், "ஐயோ, கால்வாய்க்குள்ள விழுந்துட்டான், துண்டு கொண்டாங்கடா!" என்று வகுப்பே கூச்சல் போடும். பஞ்சு மட்டும் விழுந்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவளைப் போல மிதந்து போவாள்.

"துணியில நடக்குறா, சரி. தெருவுல நடப்பாளா?" என்றாள் அம்மா. கடையை அப்படியே விட்டுவிட்டு தினமும் கூட்டிப்போக ஓடிவந்து அலுத்துப் போயிருந்தாள். பஞ்சுவுக்கு வெளியூரில், தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. "இன்னிக்குத் தனியா வந்து சேர்ந்தாள்னா இங்கயே படிக்கட்டும். இல்லேன்னா அனுப்பிடறேன் டீச்சர். அனுப்பணும்னு எனக்கு மட்டும் ஆசையா? நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு பின்னாடி வருவீங்கன்னு தெரியும். வாங்க. ஆனா கையப் பிடிக்கக் கூடாது."

டீச்சர் ஒளிந்துதான் வந்தார். முன்னால் பஞ்சு, செருப்பைக் கையில் பிடித்தபடி போனாள். மழை விட்ட சாயங்காலம். தெருவே யாரோ துவைத்துக் காயப்போட்டது மாதிரி இருந்தது. சந்தில் ஜல்லி குத்தியதும் அவள் சிரித்தது பின்னாலிருந்தே தெரிந்தது. பூங்காப் புல்லில் கொஞ்சம் தங்கினாள். கால்வாய்ப் பாலத்தைக்கூடக் கடந்துவிட்டாள். பிறகு, ஒன்றுமே இல்லாத, அதற்குள் காய்ந்துவிட்ட ஒரு நடைபாதையில் நின்றுவிட்டாள்.

வலது காலால் தரையைத் துழாவினாள். இல்லை. இடது காலால் துழாவினாள். முகம் சுருங்கி, அழுகைக்கு வந்துவிட்டது.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே திருப்பம்கூடக் கிடையாது. மருந்துக்கடைச் சுவர், அவ்வளவுதான். மனதுக்குள் துணியை விரித்துப் பார்த்தார். மருந்துக்கடை, அதன் பக்கத்தில்... இணைப்பு! துணி ஒன்றல்ல, இரண்டு படுக்கை விரிப்புகளை அம்மாதான் இணைத்துக் கொடுத்திருந்தாள். அந்த இடத்தில்தான் கனத்த தையல் ஓடியது. பிள்ளைகள் தடுக்கி விழப் போகிறார்களே என்று, "இங்க காலைத் தூக்கி வைங்க" என்று டீச்சரே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார். பஞ்சுவின் உலகத்தில் அதுவும் கால்வாயைப் போல, பூங்காவைப் போல ஓர் இடம். அது இல்லாமல் அப்பால் போக வழியில்லை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தால் முடிந்தது கதை. டீச்சர் மின்கம்பத்தை இறுகப் பற்றிக்கொண்டார்.

பஞ்சு நெடுநேரம் நின்றாள். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நடைபாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நேராக ஒரு கோடு ஊற்றினாள். ஒருதரம் சரிபார்த்தாள். காலை உயரத் தூக்கி அப்பால் வைத்தாள், நடந்தாள்.

டீச்சர் அந்த இடத்துக்கு வந்தபோது கோடு ஓரங்களில் உலரத் தொடங்கியிருந்தது. பஞ்சு தூரத்தில், தையல்கடைத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள். மிதித்துவிடாமல் டீச்சர் காலைத் தூக்கி வைத்தார். பின்னாலேயே வேகமாக வந்த ஒருவர், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் தானும் காலைத் தூக்கித் தாண்டிப் போனார்.