நான்காம் இடம்

மத்தியானம் மூன்று மணிக்கு ஷமீரா மகளிர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு வந்து சேர்ந்தாள். காலையிலிருந்து அணைகளையும் கண்டுபிடிப்புகளையும் அடித்து முடித்திருந்தாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் சங்கரபாண்டி நடத்துகிற தேர்வுப் பயிற்சி மையத்துக்குப் பொது அறிவுப் புத்தகம் டைப் செய்வது அவள் வேலை. பத்து வருஷமாகக் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள்.

கட்டம் போட்டாள். ஆண்டு, ஊர், முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம். 1974, பிரான்சில் மாந்தலியூ. நெதர்லாந்து, அர்ஜென்டினா, மேற்கு ஜெர்மனி. சரிபார்க்கத் தேடியபோதுதான் கண்ணில் பட்டது. அந்த முதல் கோப்பையில் நான்காவதாக வந்தது இந்தியா. அதற்குக் கட்டம் இல்லை.

விரல்கள் நின்றுவிட்டன. மாந்தலியூ எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் மனசு தனக்குத் தெரிந்ததை எடுத்து விரித்தது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காடு அளவுக்கு அகலமான பச்சைப் புல். சிவகிரி மலையிலிருந்து இறங்குகிற காற்று. பந்து வருகிற சத்தம் முதலில் கேட்டது, பந்து பிறகுதான் வந்தது. கோல் கம்பத்தின் முன்னால் ஒருத்தி முழங்காலை மடக்கி நின்றாள். அவள் முகம் மட்டும் தெரியவில்லை.

அப்படி நின்றவள்தான் ஷமீராவும். பள்ளிக்கூடத்து நாளில் கோவில்பட்டிக்குப் போய் விளையாடியவள். மாநில முகாமுக்குக் கோல்கீப்பர் தேர்வு என்றதும் வாப்பா யாகூப் கடையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குக் கூடவே ரயிலேறினார். இரண்டு நாள் மைதானத்து வேலியோரம் நின்றே பார்த்தார். சுவரில் ஒட்டிய தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. நாலாவதாக வந்தது உங்கள் மகள்தான் என்று கோச் சொன்னதை அவர் ஊர்வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டவர்களிடம் செலக்ட் ஆகவில்லை என்று மட்டும் ஷமீரா சொன்னாள். பிறகு யாரும் கேட்கவுமில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியும் சவூதியில் தமாமில் இருக்கிற கணவன் நியாஸிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

அன்றைக்கு அட்டவணையில் நான்காமிடம் என்று இன்னொரு கட்டம் சேர்த்தாள். அதன்பின் மூன்று மத்தியானங்கள் டீக்குக்கூட எழுந்திருக்காமல் ஒவ்வொரு கோப்பையிலும் நாலாவதாக வந்தவர்களைத் தேடித் தேடி நிரப்பினாள். 2022 வரை வந்தாயிற்று.

சங்கரபாண்டி பிரிண்ட் எடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தார். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது. நாளைக்குப் புத்தகம் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார்.

"நாலாவதா வந்தவன எவன்மா பரீட்சையில கேக்கப் போறான்?"

பத்து வருஷத்தில் அவர் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை. கீபோர்டில் கை வைத்தாள். அழிக்கிற பொத்தான்மேல் விரல் இருந்தது. அமுக்க வரவில்லை.

"நானும் நாலாவதா வந்தவதான், அண்ணாச்சி."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேர்வு, ரயில், வேலியோரம் நின்ற வாப்பா என்று எல்லாவற்றையும் அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. கீழே ராஜபாளையம் பஸ் புறப்பட்டுப் போனது.

"கால்லயா தடுப்பே, கையிலயா?" என்று கேட்டார்.

"பந்து எப்படி வருதோ அப்படி, அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எழுத்தக் கொஞ்சம் சின்னதாக்கிப் பாரு. ஒரே பக்கத்துல அடங்கும்."

அவள் சின்னதாக்கினாள். அடங்கவில்லை. இன்னும் ஒரு படி குறைத்தாள். நாடுகள், ஆண்டுகள், ஊர்கள் எல்லாம் சிறுத்துச் சிறுத்து ஒரே பக்கத்துக்குள் வந்து நின்றன. பெரிய மைதானத்தின் கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பதுபோல, வெள்ளைப் பரப்பில் கருப்பாக, பொடிப்பொடியாக, பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.